வத்திக்கான் தூதுவர் என்பவர் யார்? மட்டக்களப்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வத்திக்கான் தூதுவர் மட்டக்களப்புக்கு வருகிறார் என்று பூசையில் அறிவித்தால் போதும், அடுத்த இரண்டு கிழமைக்குக் கோயில் வாசலில் இதே கதைதான். அவர் யார், ஆயருக்கு மேலா கீழா, நம் பொடியன்கள் அப்படி ஆகலாமா என்று ஆளுக்கொரு கேள்வி. நான் குருவானவர் அல்ல. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கத்தோலிக்கம் படிப்பித்தவன். அதனாலோ என்னவோ கேள்விகள் என்னிடம்தான் வந்து சேருகின்றன.

விதிமுறைகளை மட்டும் சொன்னால் அலுத்துப்போகும். அதனால் ஒரு மனிதரின் வாழ்க்கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன்: இலங்கையில் நாலரை ஆண்டு தூதுவராக இருந்துவிட்டு, இங்கிருந்து நேரே சிரியாவுக்குப் போன கர்தினால் மாரியோ ஜெனாரி.

வத்திக்கான் தூதுவரும் நுன்சியோவும் ஒருவரா?

ஒருவர்தான். நுன்சியோ என்பது செய்தி கொண்டுவருபவர் என்ற பொருளுள்ள இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. நம் பத்திரிகைகள் வத்திக்கான் தூதுவர் என்று எழுதும், கோயில் அறிவித்தல்களில் திருத்தந்தையின் தூதுவர் என்று வரும். அவருக்கு இரண்டு வேலை. அரசாங்கத்திடம் பாப்பரசரின் பிரதிநிதி, அது மற்ற நாட்டுத் தூதுவர்களைப் போல. நாட்டிலுள்ள ஆயர்களுக்கும் உரோமைக்கும் இடையே ஆள், இது மற்றத் தூதுவர்களுக்கு இல்லாதது. இந்த இரண்டாவது வேலையில்தான் அவருடைய நேரத்தின் பெரும்பகுதி போகிறது.

வத்திக்கான் சின்னஞ்சிறு இடம். அதற்கு எதற்குத் தூதுவர்?

44 ஹெக்டேயர், சரிதான். நம் பக்கத்தில் ஒரு பெரிய வயல்காரர் குடும்பத்துக்கு அதைவிடக் காணி இருந்த காலம் உண்டு. ஆனால் தூதுவரை அனுப்புவது வத்திக்கான் நகர அரசு அல்ல, திருப்பீடம். அதாவது பாப்பரசர் என்ற பதவியும் அதன் ஆட்சியமைப்பும். 1870இல் இத்தாலியப் படை உரோமையைப் பிடித்த பிறகு, 1929இல் இலாத்தரன் உடன்படிக்கை வரும்வரை, பாப்பரசரின் ஆட்சிக்கென்று ஒப்புக்கொள்ளப்பட்ட நிலம் ஒரு துண்டுகூட இல்லை. அந்த 59 ஆண்டும் தூதுவர்கள் போய்வந்துகொண்டுதான் இருந்தார்கள். இன்று திருப்பீடத்துக்கு 180க்கும் மேற்பட்ட நாடுகளுடன் உறவு உண்டு. தூதரக உறவுகளுக்கான 1961ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையும் தூதுவர்களின் முதல் வகுப்பைச் சொல்லும்போது நுன்சியோவைப் பெயர் சொல்லியே சேர்க்கிறது.

இலங்கைக்கு எப்போதிருந்து தூதுவர் இருக்கிறார்?

முழுத் தூதரக உறவு 1975இல்தான் தொடங்கியது. இன்று தூதரகம் கொழும்பில் பௌத்தாலோக மாவத்தையில் இருக்கிறது.

ஆனால் கதை அதற்கு முந்தியது. 1884இல் கிழக்கிந்தியப் பகுதிக்கென்று பாப்பரசர் ஒரு பிரதிநிதியை நியமித்தார். அரசாங்கத்தோடு தொடர்பில்லாத, திருச்சபைக்குள் மட்டுமான பிரதிநிதி. 1892இல் அந்தப் பதவிக்கு வந்தவர் லதிஸ்லாவ் சலெஸ்கி. அவர் கண்டியில் குடியிருந்துகொண்டு இந்தியாவையும் சேர்த்துப் பார்த்தார். 1893இல் அங்கே அம்பிட்டியவில், குருக்களைப் பயிற்றும் பாப்பரசர் குருமடத்தைத் தொடங்கினார். அந்தக் குருமடம் 1955இல் பூனாவுக்குப் போனதும் அம்பிட்டியக் கட்டடங்கள் நம் தேசிய குருமடமாயின. நம்முடைய பழைய பாதர்மார் அம்பிட்டியக் குளிரைப் பற்றிச் சொல்வார்களே, அந்த இடம்தான்.

அதே 1893இல்தான் திருகோணமலை மறைமாவட்டம், அதாவது ஓர் ஆயரின் பொறுப்பிலுள்ள பகுதி, உருவானது. அது 1967இல் திருகோணமலை மட்டக்களப்பு என்று பெயர் மாறி, 2012 ஜூலையில் இரண்டாகப் பிரிந்து, மட்டக்களப்பு அம்பாறை மாவட்டங்களுக்கென்று நம் மறைமாவட்டம் தனியானது. இப்படிப் பிரிப்பதென்றால் அந்தக் கோப்பு தூதரகத்தைத் தாண்டாமல் உரோமைக்குப் போகாது.

ஒரு குரு தூதுவராவது எப்படி? விண்ணப்பம் போடலாமா?

விண்ணப்பம் போடும் வழக்கம் கிடையாது. ஆயர்தான் தம் இளம் குருக்களில் ஒருவரைச் சொல்ல வேண்டும், அல்லது உரோமை கேட்க வேண்டும். தெரிவானவர் உரோமையில் மினெர்வா சதுக்கத்திலுள்ள, தூதரகப் பணிக்குக் குருக்களைப் பயிற்றும் பாப்பிறைத் திருச்சபைக் கலைக்கூடத்தில் சேருவார். 1701இல் தொடங்கியது அது. முன்பு அதன் பெயரிலேயே பிரபு குடும்பத்துக் குருக்களுக்கானது என்று இருந்தது. சலெஸ்கியும் அங்கே படித்தவர். பிரபுத்துவமெல்லாம் இப்போது இல்லை. திருச்சபைச் சட்டம், தூதரக வரலாறு, சர்வதேச சட்டம், மொழிகள். இத்தாலிய மொழி தெரியாமல் அங்கே ஒரு நாள் ஓட்ட முடியாது.

2020இல் பாப்பரசர் பிரான்சிஸ் ஒரு புதிய நிபந்தனை போட்டார்: படிப்புக் காலத்தில் ஓராண்டு, சொந்த மறைமாவட்டத்துக்கு வெளியே மிஷன் பணி செய்திருக்க வேண்டும். நல்ல நிபந்தனை. வாகரைப் பக்கம் ஒரு பங்கில் ஓராண்டு இருந்தவனுக்கும், நூலகத்தில் மட்டும் இருந்தவனுக்கும் அறிக்கை எழுதுவதில் வித்தியாசம் இருக்கும் அல்லவா?

நம்ம பொடியன் ஒருவன் போகலாமா?

தடை ஒன்றும் இல்லை. கேரளத்தில் பிறந்த ஜோர்ஜ் கூவக்காட் இந்தப் பணியில் சேர்ந்து அல்ஜீரியா, தென் கொரியா, ஈரான், கொஸ்தா ரிக்கா, வெனிசுவேலா என்று சுற்றி, பிறகு பாப்பரசரின் வெளிநாட்டுப் பயணங்களை ஒழுங்குசெய்பவராகி, 2024 டிசெம்பரில் கர்தினாலானார். ஆனால் ஆயரின் பக்கமும் பாருங்கள். ஒவ்வொரு பங்குக்கும் குரு தேட வேண்டிய மறைமாவட்டத்தில், கெட்டிக்காரனான ஒரு இளம் குருவை உரோமைக்குக் கொடுத்தால் அவர் திரும்பி வரமாட்டார்.

படிப்பு முடிந்ததும் நேரே தூதுவரா?

இல்லை. இணைப்பாளர், செயலாளர், ஆலோசகர் என்று படி படியாக ஏற வேண்டும். மூன்று நான்கு ஆண்டுக்கொரு நாடு. ஆசிரியர் இடமாற்றத்தை வாழ்க்கை முழுக்க அனுபவித்தவர்கள் நாம். இது அதன் உலக அளவு வடிவம். அதுவும் மனு எழுதி நிறுத்த முடியாத இடமாற்றம்.

ஜெனாரி 1946 ஜனவரி 5ஆம் தேதி வட இத்தாலியில், வெரோனாவுக்குப் பக்கத்து வில்லாபிராங்காவில் பிறந்தவர். 1970இல் குருவானார். 1980இல் தூதரகப் பணி. செனகல், லைபீரியா, கொலம்பியா, ஜேர்மனி, ருமேனியா என்று தூதரகங்களில் கீழ்நிலை வேலைகள். பிறகு வியன்னாவில் சர்வதேச அமைப்புகளுக்கான திருப்பீடப் பிரதிநிதி. தூதுவராகும்போது வயது 53. 1999 ஜூலையில் ஐவரி கோஸ்ட், நைஜர், புர்கினா பாசோ என்ற மூன்று நாடுகளுக்குச் சேர்த்து நியமிக்கப்பட்டார். அந்த டிசெம்பரிலேயே ஐவரி கோஸ்டில் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. 2002 செப்ரெம்பரில் அங்கே உள்நாட்டுப் போர். அடுத்த நியமனம் 2004 மே 10ஆம் தேதி: இலங்கை.

பேராயர் என்கிறார்கள். அவருடைய மறைமாவட்டம் எது?

பெயரளவில் ஒன்று உண்டு. தூதுவரானதும் பேராயராகத் திருநிலைப்படுத்துவார்கள். பேராயருக்கு ஒரு மறைமாவட்டம் இருக்க வேண்டும் என்பது மரபு என்பதால், எப்போதோ மறைந்துபோன பழைய மறைமாவட்டம் ஒன்றின் பெயரைக் கொடுப்பார்கள். ஜெனாரிக்குக் கிடைத்தது வட இத்தாலியில் சுல்யோ என்ற பழைய உரோமை ஊர். அங்கே அவருக்கு ஆட்சியும் இல்லை, மக்களும் இல்லை. நம் ஆயருக்கு அவர் மேலதிகாரியும் அல்ல. மறைமாவட்டத்தை நடத்துவது ஆயர். தூதுவர் அதில் கைவைக்க முடியாது. மேசையில் முன்னிருக்கை தூதுவருக்கு, கோயில் சாவி ஆயருக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெனாரி இருந்த காலத்தில் இங்கே என்ன நடந்தது?

என்ன நடக்கவில்லை என்று கேளுங்கள்.

அவர் நியமனமாவதற்கு ஒரு மாதம் முன்பு, பெரிய வெள்ளியை ஒட்டி, புலிகள் இயக்கம் இரண்டாகி வெருகலில் தங்களுக்குள்ளேயே சுட்டுக்கொண்டார்கள். அந்த ஆண்டு முடிய ஐந்து நாள் இருக்கும்போது சுனாமி. நாட்டிலேயே அதிக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில். கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு, இங்கே நாவலடி, கல்லடி, திருச்செந்தூர் என்று கரை முழுக்கச் சாவு வீடு. 2005 நத்தார் நள்ளிரவுப் பூசையில், புளியந்தீவு மரியாள் பேராலயத்துக்குள்ளேயே பாராளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக்கொல்லப்பட்டார். நற்கருணை வாங்கிவிட்டு இருக்கைக்குத் திரும்பிய நேரம். 2006, 2007இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் சனம் இடம்பெயர்ந்து மட்டக்களப்பு நகரைச் சுற்றிக் கூடாரங்களில் கிடந்தது. 2008 ஜனவரியில் போர் நிறுத்த உடன்படிக்கை முறைப்படி முடிந்தது. அந்த டிசெம்பர் 30ஆம் தேதி ஜெனாரி சிரியாவுக்கு நியமிக்கப்பட்டார்.

ஐவரி கோஸ்ட், இலங்கை, சிரியா. தூதுவராக அவர் கண்ட மூன்று தளங்களிலும் போர்.

இத்தனைக்கும் ஒரு தூதுவரால் என்ன செய்ய முடியும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் கோபத்தோடுதான் கேட்பார்கள். அந்தக் கோபம் எனக்கும் உண்டு. நேர்மையாகச் சொன்னால், நிறுத்தச் செய்ய முடியாது. படை இல்லை, கடன் கொடுக்கும் வங்கி இல்லை, வாங்கி விற்கும் வியாபாரம் இல்லை. மற்றத் தூதரகங்களிடம் உள்ள எந்தக் கயிறும் அவர் கையில் இல்லை.

அவரிடம் இருப்பது வேறு. நாட்டின் எந்த மூலையிலும் ஒரு பங்கு, அதில் ஒரு குரு, அந்தக் குருவிடம் வந்து அழுகிற சனம். கொழும்பில் இருக்கும் ஒரு பெரிய நாட்டுத் தூதரகம் வாகரையில் என்ன நடந்தது என்று அறிய யாரையோ தேட வேண்டும். நுன்சியோவுக்கு ஆயரின் ஒரு தொலைபேசி அழைப்பு போதும். கேட்டதை எழுதி உரோமைக்கு அனுப்புவது, வெளிவிவகார அமைச்சில் பக்குவமாகக் கதைப்பது, மற்றத் தூதுவர்களின் காதில் போடுவது. உதவி வருவது என்றால் திருச்சபையின் உதவி அமைப்பான கரித்தாஸ் வழியாக வரும். இங்கே அதன் கை எகெட். இவற்றில் எதையும் தூதுவர் மேடையில் சொல்லமாட்டார். சொன்னால் அடுத்த முறை கதவு திறக்காது. அந்த மௌனத்தைச் சிலர் ஞானம் என்பார்கள், சிலர் பயம் என்பார்கள். இரண்டும் கலந்த நாட்களும் இருந்திருக்கும் என்பது என் எண்ணம்.

சிரியாவில் அவர் என்ன செய்தார்?

போய் இரண்டு ஆண்டில், 2011 மார்ச்சில், அங்கே கலவரம் தொடங்கி முழுப்போரானது. டமாஸ்கஸிலிருந்த பல தூதரகங்கள் மூடிக்கொண்டு போய்விட்டன. நுன்சியோ போகவில்லை. 2013 நவம்பரில் ஒரு காலை தூதரகத்தின் கூரையில் மோட்டார் குண்டு விழுந்தது. யாருக்கும் காயமில்லை.

அந்த ஆண்டு ஏப்ரலில் அலெப்போவின் ஓர்த்தடொக்ஸ் ஆயர்கள் இருவர் கடத்தப்பட்டார்கள். ஜூலையில் இத்தாலிய இயேசு சபைக் குரு பாவொலோ தல்லோலியோ ரக்காவில் காணாமல் போனார். அடுத்த ஆண்டு ஏப்ரலில் ஹோம்ஸ் நகரில், முற்றுகைக்குள் சனத்தோடு தங்கியிருந்த டச்சு இயேசு சபைக் குரு பிரான்ஸ் வன் டெர் லுக்ட் சுட்டுக்கொல்லப்பட்டார்.

மட்டக்களப்பான் ஒருவனுக்கு இதை வாசிக்கும்போது வேறு பெயர்கள்தான் நினைவு வரும். 1988 ஜூனில் இங்கே சுடப்பட்ட சந்திரா பெர்னாண்டோ பாதர். 1990 ஓகஸ்ட் 15ஆம் தேதி, மாதா விண்ணேற்புத் திருநாளன்று, வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டு வந்து சேராத அமெரிக்க இயேசு சபைக் குரு யூஜின் ஹேபர்ட். மைக்கேல் கல்லூரிப் பொடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். அவரோடு வந்த தமிழ் இளைஞரும் போனதுதான். சிரியாவில் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் தூதுவரின் வாசலில் நின்றபோது, இலங்கையில் கேட்ட கதைகள் அவருக்கு ஞாபகம் வந்திருக்காமல் இருக்குமா?

அங்கே அவர் முன்னெடுத்த ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். டமாஸ்கஸில் இரண்டு, அலெப்போவில் ஒன்று என்று மூன்று கத்தோலிக்க மருத்துவமனைகளைக் காசில்லாத நோயாளிகளுக்கு இலவசமாகத் திறந்துவிடும் திட்டம். மதம் கேட்கப்படவில்லை, வந்தவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். குண்டுகள் ஓய்ந்த பிறகும் அவர் விடவில்லை. வறுமையும் ஒரு குண்டுதான், இப்போது வெடித்துக்கொண்டிருப்பது அதுதான் என்று போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். 2024 டிசெம்பரில் அசாத்தின் ஆட்சி விழுந்தபோதும் டமாஸ்கஸில் தூதுவர் அவரேதான்.

கர்தினாலானவர் எப்படித் தூதுவராகவே இருந்தார்?

அதுதான் புதினம். வழக்கமாகத் தூதுவர் ஒருவர் கர்தினாலானால் உரோமைக்குப் போய்விடுவார். 2016 அக்டோபரில் புதிய கர்தினால்களின் பெயர்களை வாசித்த பாப்பரசர் பிரான்சிஸ், முதல் பெயராக ஜெனாரியைச் சொல்லி, அவர் சிரியாவிலேயே தூதுவராகத் தொடர்வார் என்றும் சொன்னார். சிவப்புத் தொப்பி கிடைத்தது ஆளுக்கா, அந்த நாட்டுச் சனத்துக்கா என்றால், சனத்துக்கு என்றுதான் அவரே எடுத்துக்கொண்டார். 75 வயதில் எல்லா ஆயர்களையும் போலத் தூதுவர்களும் பதவி விலகல் கடிதம் கொடுக்க வேண்டும். ஜெனாரிக்கு 2021 ஜனவரியில் 75 ஆனது. அதற்குப் பிறகும் அங்கேயே வைத்திருந்தார்கள்.

நம் கர்தினால் மல்கம் ரஞ்சித்தும் தூதுவராக இருந்தாராமே?

இருந்தார், ஆனால் வேறு வழியில். அவர் கலைக்கூடத்தில் படித்து ஏறி வந்தவர் அல்ல. இரத்தினபுரியின் முதல் ஆயர். பிறகு உரோமையில் ஒரு பணி. 2004 ஏப்ரல் 29ஆம் தேதி இந்தோனேசியாவுக்கும் கிழக்குத் திமோருக்கும் தூதுவர். ஜெனாரி இங்கே நியமனமாவதற்குப் பதினொரு நாள் முன்பு. அந்த டிசெம்பர் 26ஆம் தேதி அலை வந்தபோது, அதிகம் அடிபட்ட இரண்டு நாடுகளில் ஒன்றில் இலங்கையர் ஒருவரும் மற்றதில் இத்தாலியர் ஒருவரும் பாப்பரசரின் தூதுவர்கள். ரஞ்சித் ஆண்டகை 2005 முடிவில் உரோமைக்கு அழைக்கப்பட்டு, 2009இல் கொழும்புப் பேராயராகி, 2010இல் கர்தினாலானார்.

ஆயரைத் தெரிவு செய்வது தூதுவரா?

தெரிவு செய்வது பாப்பரசர். ஆனால் அவர் மேசைக்குப் போகும் பெயர்களைத் திரட்டுவது தூதுவர். ஆகவே கேள்வியில் அர்த்தம் உண்டு.

ஆயராகத் தகுதியுள்ள குருக்களின் பட்டியல் ஒன்றை ஆயர்கள் மூன்றாண்டுக்கு ஒருமுறையாவது கலந்து பேசி உரோமைக்கு அனுப்ப வேண்டும். ஒரு மறைமாவட்டத்துக்கு ஆயர் தேவைப்படும்போது தூதுவர் மூன்று பெயரைச் சுருக்கிக்கொள்வார். அதற்கு முன் பலருக்கும் தனித்தனியே கடிதம் போகும்: இந்தக் குருவின் நடத்தை எப்படி, பணவிடயத்தில் எப்படி, கோபக்காரரா, மக்களோடு பழகுவாரா, எந்த மொழி பேசுவார். பதில் எழுதுபவர் அதை வீட்டிலும் சொல்லக்கூடாது, பாப்பிறை இரகசியம். பொதுநிலையினரையும் கேட்கலாம். உங்கள் பக்கத்து இருக்கையில் பூசை காண்பவர் எப்போதோ அப்படியொரு பதில் எழுதியிருக்கலாம், உங்களுக்குத் தெரிய வராது. மூன்று பெயரும் தூதுவரின் கருத்தும் உரோமைக்குப் போகும். இலங்கை போன்ற நாடுகளுக்கு அது நற்செய்தி அறிவிப்புப் பணிக்கான திருப்பீடத் துறை. அங்கிருந்து பாப்பரசரிடம்.

கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர் தெரிவென்றால் நம் ஊரில் குடி குடியாகக் கூடி, சத்தம் போட்டு, சில நேரம் வழக்கும் வைப்போம். அதைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த மூடிய முறை விசித்திரம்தான். எனக்கும் முழுத் திருப்தி இல்லை. கேட்கப்படுகிறவர்கள் யார் என்பதிலேயே பாதி முடிவு இருக்கிறது. மற்றப் பக்கம், பகிரங்கமாகக் கேட்டால் உண்மையைச் சொல்ல எத்தனை பேர் வருவார்கள்?

உதாரணத்துக்கு ஒன்று: நம் மறைமாவட்டத்தின் முதல் ஆயரான ஜோசப் பொன்னையா ஆண்டகை, 2008இல் துணை ஆயராக நியமிக்கப்பட்டது ஜெனாரியின் காலத்தில். 2012இல் மட்டக்களப்பு தனி மறைமாவட்டமானபோது தூதுவர் மோல்டாக்காரரான ஜோசப் ஸ்பிதேரி.

தூதுவர் வந்தால் எப்படி அழைப்பது? எந்த மொழியில் பேசுவது?

ஆண்டகை என்றால் போதும். ஆங்கிலம் பேசுவார். உங்களுக்கு வராவிட்டால் பக்கத்தில் நிற்கும் பாதரைப் பிடியுங்கள், வெட்கப்படத் தேவையில்லை.

சாதாரண ஆள் அவருக்குக் கடிதம் எழுதலாமா?

எழுதலாம். எந்தக் கத்தோலிக்கரும், கத்தோலிக்கர் அல்லாதவரும் எழுதலாம். பங்கில் சின்னச் சண்டை, பாதர் பூசைக்குப் பிந்தி வருகிறார் என்பதற்கெல்லாம் எழுதாதீர்கள்; அது சுற்றி வந்து ஆயரிடமே நிற்கும். காணாமல் போனவர், காணி, கைது போன்ற விடயமென்றால் முதலில் பங்குத்தந்தைக்கும் ஆயர் இல்லத்துக்கும் தெரியப்படுத்திவிட்டு எழுதுங்கள். ஒரு பக்கம், ஆங்கிலத்தில். என்ன நடந்தது, எந்தத் தேதி, எந்த இடம், யார் கண்டது, இதுவரை எந்தக் கச்சேரியில் எந்த நாள் முறையிட்டீர்கள். கோபத்தை எழுத வேண்டாம், அது அவருக்கு விளங்கும். மூலப் பத்திரங்களை அனுப்பாதீர்கள். பிரதிகளை மட்டும் வைத்து, பதிவுத் தபாலில் போட்டு, பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்.